சாகோஸ்: ஊர் திரும்ப அனுமதி உண்டு, செலவுக் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளின் இறையாண்மையைப் பிரிட்டன் மொரீசியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2025 மே 22 அன்று கையெழுத்தானது. அன்றிலிருந்து தமிழில் வந்த செய்திகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் அங்கே டியகோ கார்சியா தீவில் இருக்கும் அமெரிக்க ராணுவத் தளத்தையே சுற்றி வருகின்றன. அந்தத் தளத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை, பிரிட்டன் சராசரியாக ஆண்டுக்குக் கொடுக்கும் 10.1 கோடி பவுண்டு வாடகை, சீனா என்ன செய்யும், இந்தியாவுக்கு என்ன லாபம் என்று பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அந்தத் தீவுகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களுக்குக் கடைசிப் பத்தியில் ஒரு வரி கிடைக்கிறது: இனி அவர்கள் ஊர் திரும்பலாம்.

ஊர் திரும்புவதைப் பற்றி ஒப்பந்தத்தில் இருப்பது இவ்வளவுதான்: டியகோ கார்சியாவைத் தவிர்த்த மற்றத் தீவுகளில் குடியேற்றத் திட்டம் ஒன்றை மொரீசியஸ் செயல்படுத்திக்கொள்ளலாம். செயல்படுத்தியே தீர வேண்டும் என்று இல்லை. யார் செலவு, எந்த ஆண்டுக்குள், எத்தனை பேருக்கு என்பதும் இல்லை. இந்த மக்களுக்கு இப்படியொரு வெறும் அனுமதி கிடைப்பது முதல் தடவையும் அல்ல. 2000 நவம்பர் 3-ஆம் தேதி லண்டன் உயர் நீதிமன்றம் அவர்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. பிரிட்டிஷ் அரசு மேல்முறையீடு செய்யவில்லை. டியகோ கார்சியா நீங்கலாக மற்றத் தீவுகளுக்குப் போகலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. 2004 ஜூன் 10 வரை மூன்றரை ஆண்டு அந்த உரிமை ஏட்டில் இருந்தது. ஒரு குடும்பம்கூடக் குடியேறவில்லை. போக ஆசையில்லாமல் அல்ல. கப்பல் இல்லை, இறங்குதுறை இல்லை, கூரை இல்லை, கிணறு இல்லை, கையில் காசும் இல்லை. 2004-இல் அரசி பெயரில் ஆணை பிறப்பித்து, நாடாளுமன்றத்தில் வைக்காமலே, அந்த உரிமையையும் பிடுங்கிக்கொண்டார்கள். 2008-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, 3-க்கு 2 என்ற கணக்கில் அந்த ஆணையைச் செல்லும் என்றது. பணமில்லாமல் திரும்பும் உரிமைக்கு நடைமுறையில் பொருளில்லை என்பதும் பெரும்பான்மை நீதிபதிகளின் வாதத்தில் ஒரு பகுதி. அனுமதியைக் கொடுத்துவிட்டுச் செலவைக் கொடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த மக்கள் எப்படி அப்புறப்படுத்தப்பட்டார்கள் என்பதையும் வாசகர்கள் சரியான வரிசையில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே நாளில் துப்பாக்கி முனையில் ஏற்றிக்கொண்டு போனதாகப் பலர் நினைக்கிறார்கள். நடந்தது வேறு, அதைவிட மோசம்.

1965 நவம்பர் 8-இல் சாகோஸை மொரீசியஸிடமிருந்து பிரித்துப் 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி' என்ற புதிய காலனியை உண்டாக்கினார்கள். மொரீசியஸுக்குச் சுதந்திரம் வந்தது 1968 மார்ச் 12-இல். பிரித்தெடுக்க 30 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். 1966 டிசம்பரில், தீவுகளை ராணுவத் தேவைக்குப் பயன்படுத்த அமெரிக்காவோடு 50 ஆண்டு ஏற்பாடு. வாடகை என்று எதுவும் கை மாறவில்லை. அமெரிக்காவிடம் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைகளுக்கான ஆராய்ச்சிக் கட்டணத்தில் பிரிட்டனுக்கு 1.4 கோடி டாலர் தள்ளுபடி கிடைத்தது, அதுவும் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தெரியாமல். 1967-இல் தென்னந்தோப்புகளை நடத்திவந்த கம்பெனியிடமிருந்து நிலம் முழுவதையும் 6,60,000 பவுண்டுக்கு அரசு வாங்கியது.

இந்த 6,60,000-ஐக் கவனிக்க வேண்டும். விற்றவர் கம்பெனி. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் பிறந்து, செத்து, புதைந்தவர்கள் யாரிடமும் பத்திரம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கம்பெனி வீடு கொடுத்தது. கூலியில் ஒரு பகுதி காசு, மறு பகுதி அரிசி, மாவு, எண்ணெய். வீட்டைச் சுற்றி காய்கறி, கோழி, பன்றி. கடலில் மீன் பிடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் எல்லாம் கம்பெனிச் சொத்து. பிரிட்டன் இதைப் பிடித்துக்கொண்டுதான், இவர்கள் நிரந்தரக் குடிகள் அல்ல, ஒப்பந்த வேலைக்கு வந்து போகிறவர்கள் என்று ஐ.நா.வில் கதை கட்டியது.

வெளியேற்றம் 1968-இல் சத்தமில்லாமல் தொடங்கியது. வைத்தியத்துக்கும் சொந்தக்காரரைப் பார்க்கவும் மொரீசியஸ் போனவர்கள் திரும்பிவரக் கப்பலுக்குப் போனபோது, உங்கள் தீவு விற்றாயிற்று, இனி கப்பல் கிடையாது என்றார்கள். அடுத்து தீவுகளில் சரக்கு குறைந்தது. கப்பல் வரும் இடைவெளி நீண்டது. பால், மாவு, மருந்து தட்டுப்பாடு. ஊழியர்கள் விலகினார்கள், அவர்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை. சிலர் தாமாகவே கிளம்பினார்கள். அதைத்தான் பிறகு 'விரும்பிப் போனார்கள்' என்று எழுதிவைத்தார்கள். 1971 ஜனவரியில் டியகோ கார்சியாவை மூடப்போவதாக மக்களைக் கூட்டி அறிவித்தார்கள். ஏப்ரலில், அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் அங்கே இருக்கக் கூடாதென்று குடிவரவுச் சட்டம் வந்தது. வளர்ப்பு நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிகளின் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். தேங்காய்ப் பருப்பு காயவேண்டிய இடத்தில் நாய்கள் குரைத்து அடங்கியதைப் பிள்ளைகள் வெளியே நின்று கேட்டார்கள். அடுத்தது நாம்தானோ என்று பெரியவர்களே பயந்தார்கள். 'நோர்ட்வேர்' என்ற கப்பலில், கொஞ்சம் பேருக்கான இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றினார்கள். தோட்டத்துக் குதிரைகளுக்கு மேல்தளம், மனிதர்களுக்குக் கீழ்க்கிடங்கு. ஒரு பெட்டி, ஒரு மெத்தை, அவ்வளவுதான் எடுத்துப்போகலாம்.

சிலரை பெரோஸ் பான்ஹோஸ், சாலமன் என்ற வடக்குத் தீவுக்கூட்டங்களில் கொண்டுபோய் இறக்கினார்கள். (பசிபிக்கில் இருக்கும் சாலமன் தீவுகள் வேறு, ஒரு கட்டுரையில் இரண்டும் குழம்பியிருந்தது.) 1972-இல் சாலமன், 1973-இல் பெரோஸ் பான்ஹோஸ் காலியாயின. ஆக, சிலர் இரண்டு தடவை இடம்பெயர்க்கப்பட்டவர்கள். மொத்தம் 1,500-லிருந்து 2,000 பேர் வரை.

பின்விளைவுகளில் பணத்தின் கதைதான் இன்றைக்கு நேரடியாகப் பயன்படும் பாடம். 1972-இல் மொரீசியஸுக்கு 6,50,000 பவுண்டு கொடுப்பதாகப் பிரிட்டன் ஒத்துக்கொண்டது. கணக்கில் வந்தவை 426 குடும்பங்கள். பணம் மக்கள் கைக்குப் போனது 1977-78-இல். பெரியவர் ஒருவருக்கு 7,590 மொரீசியஸ் ரூபாய், பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ப 1,000 முதல் 1,500. இடையில் ஓடிய ஐந்தாண்டு, எண்ணெய் விலை ஏறி உலகம் முழுக்க விலைவாசி எகிறிய ஐந்தாண்டு. வட்டியும் இல்லை, விலைவாசிக்கேற்ற உயர்வும் இல்லை. தீவில் வாடகை தெரியாமல் வாழ்ந்த குடும்பங்கள் மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ் ஓரத்துச் சேரிகளில், ரோஷ் புவாவிலும் காசிஸிலும், தகரக் கொட்டகைக்கு வாடகை கட்டின. தேங்காய் உரிக்கவும் பருப்பெடுக்கவும் தெரிந்த கைகளுக்குக் கரும்புத் தோட்ட நாட்டில் வேலை இல்லை. பணம் வருவதற்குள் கடன் ஏறிவிட்டது. வந்த பணம் வந்த வாக்கில் கடன்காரனுக்குப் போனது. கையில் எதையும் கொடுக்காமல் பெரிய தொகையை ஐந்தாண்டு கழித்து மொத்தமாகக் கொடுத்தால் இதுதான் நடக்கும். இழப்பீடு வட்டிக்காரன் வீட்டில் போய் இறங்கும்.

சாகோஸ் பெண்கள் தெருவில் இறங்கி, உண்ணாவிரதம் இருந்து, அடி வாங்கிய பிறகுதான் 1982-இல் இரண்டாவது உடன்பாடு வந்தது: 40 லட்சம் பவுண்டு, அதோடு மொரீசியஸ் தரப்பில் 10 லட்சம் மதிப்புள்ள நிலம். இதிலும் ஒரு முள். பணம் வாங்கியவர்கள் இனி எந்த உரிமையும் கோரமாட்டோம் என்ற படிவத்தில் பெருவிரல் ரேகை வைத்தார்கள். படிவம் ஆங்கிலச் சட்ட நடையில் இருந்தது. வைத்தவர்கள் பிரெஞ்சு அடியிலான கிரியோல் மொழி பேசுகிறவர்கள், பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பின்னாளில் ஒவ்வொரு வழக்கிலும் அரசுத் தரப்பு அந்த ரேகைகளை எடுத்து நீட்டியது. சீஷெல்ஸில் இறக்கிவிடப்பட்ட சில நூறு பேருக்கு இரண்டு தடவையும் ஒரு காசு கிடைக்கவில்லை, உடன்பாடு மொரீசியஸோடு மட்டும் என்பதால். அரசோடு அரசு பேசி முடிக்கும் தொகையில் நடுவில் விழும் ஓட்டை எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல மாதிரி.

2025 ஒப்பந்தத்தில் சாகோஸ் மக்களுக்கென 4 கோடி பவுண்டு அறக்கட்டளை நிதி இருக்கிறது. பணம் பிரிட்டனுடையது, செலவழிக்கும் பொறுப்பு மொரீசியஸுடையது. வம்சாவளியினர் இன்று சுமார் 10,000 பேர் என்று வைத்தால் தலைக்கு 4,000 பவுண்டு. மொத்த நிதியே ஓர் ஆண்டு வாடகையில் பாதிகூட இல்லை. 2016-இல் குடியேற்றத்தை மறுத்தபோது பிரிட்டன் அறிவித்த பத்தாண்டு உதவித் தொகையும் இதே 4 கோடிதான். அதில் முதல் சில ஆண்டுகளில் செலவானது மிகச் சொற்பம்.

குடியேற்றத்துக்கு இது போதுமா? பிரிட்டிஷ் அரசே கேபிஎம்ஜி என்ற ஆலோசனை நிறுவனத்தை வைத்து எடுத்து, 2015-இல் வெளியிட்ட சாத்தியக்கூறு அறிக்கையில் மூன்று அளவுகளுக்கு முதலீட்டுச் செலவு போட்டிருந்தார்கள். 150 பேருக்குச் சுமார் 6.3 கோடி, 500 பேருக்கு 10.7 கோடி, 1,500 பேருக்கு 41.4 கோடி பவுண்டு. இதற்குமேல் ஆண்டுதோறும் நடத்தும் செலவு. அதாவது, பத்தாண்டு பழைய விலையில், ஆகச் சிறிய திட்டத்துக்கே இந்த 4 கோடி பற்றாது. அந்த மதிப்பீட்டில் டியகோ கார்சியாவும் சேர்த்தி. விமானத் தளமும் துறைமுகமும் இருக்கிற தீவு அது ஒன்றுதான். இப்போது அந்தத் தீவுக்குத் தடை. எல்லாவற்றையும் புதிதாகக் கட்டவேண்டிய வடக்குத் தீவுகள்தான் மிச்சம். செலவு ஏறுமே தவிர இறங்காது.

அங்கே என்னென்ன வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'தென்னை மரம், மீன், மழை எல்லாம் இருக்கிறதே' என்ற பேச்சு அடிக்கடி வருகிறது.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். டியகோ கார்சியாவில் ஆண்டுக்கு 2,600 மி.மீ. அளவில் மழை, வடக்குத் தீவுகளில் குறைவில்லை. ஆனால் பவளத்தீவில் ஆறோ குளமோ கிடையாது. மணலுக்குள் இறங்கும் மழை, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 செ.மீ. இருந்தால் கீழே ஏறக்குறைய 40 செ.மீ. நன்னீர் நிற்கும் என்பது கணக்கு; பவளத்தீவில் அடிப்பகுதி உப்போடு கலந்துவிடுவதால் உண்மையில் அதைவிடக் குறைவு. தீவு அகலமாக இருந்தால் வில்லை தடிக்கும். 250, 300 மீட்டருக்குக் குறைந்த துண்டுத் தீவுகளில் கோடையில் கிணறு உவர்த்துவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஆழமாக ஒரு கிணறு வெட்டி மோட்டார் போட்டால் காரியம் கெட்டது. நடுவில் பலமாக இறைக்கும்போது அடியிலிருந்து உப்புத் தண்ணீர் கூம்பாக மேலே ஏறும். ஏறியது இறங்க மாதக்கணக்காகும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே துளையிட்ட குழாய்களைப் படுக்கையாகப் புதைத்து, பல இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ராணுவத் தளமும் ஆழமில்லாத நிறையக் கிணறுகளை வைத்துத்தான் சமாளிக்கிறது. அங்கேயே 1991-இல் விமான எரிபொருள் கசிந்து நிலத்தடி நீரில் கலந்த அனுபவம் உண்டு. மணல் எதையும் தடுக்காது. கக்கூஸ் குழியையும் பன்றிப் பட்டியையும் டீசல் தொட்டியையும் குழாய் வரிசைக்குப் பக்கத்தில் வைத்தால் ஊரே வயிற்றுப்போக்கில் கிடக்கும்.

ஆகவே குடிக்கவும் சமைக்கவும் மழைநீர், குளிக்கத் துவைக்க நிலத்தடி நீர் என்று பிரிப்பதுதான் நடைமுறை. 60 சதுர மீட்டர் தகரக் கூரையில் ஆண்டுக்கு 2,600 மி.மீ. மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் சுமார் 1,25,000 லிட்டர் பிடிக்கலாம். நாலு பேர் குடும்பம் ஆளுக்கு 20 லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் எடுத்தால் ஆண்டுக்கு 29,200 லிட்டர்; தாராளம். மழை மூன்று மாதம் பொய்த்தால் 7,200 லிட்டர் வேண்டும், ஆகவே வீட்டுக்கு 10,000 லிட்டர் தொட்டி. கூரைமேல் தென்னை ஓலை வீழ்வதும் எலி ஓடுவதும் இருக்கும்வரை முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே தள்ளும் குழாயமைப்பு கட்டாயம். இந்தச் சின்னச் சாமானைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

எலி என்றதும் தென்னை. சாகோஸின் பல தீவுகளில் கருப்பெலி ஆட்சிதான். ஐம்பது ஆண்டாகக் கவனிக்காத தோப்பில் விழுந்த தேங்காய் விழுந்த இடத்திலேயே முளைத்து, கன்றுமேல் கன்றாக நெருக்கி, மனிதர் நுழைய முடியாத காடாகிக் கிடக்கிறது. அந்த நெருக்கத்தில் காய்ப்பு குறைவு, காயும் சிறுத்திருக்கும். முதல் வேலை பாதிக்குமேல் வெட்டிச் சாய்ப்பது; வெட்டிய மரத்தை அப்புறப்படுத்தாவிட்டால் வண்டு பெருகும். புதிதாக நட்டால் நெட்டை ரகம் காய்க்க 6, 7 ஆண்டு. ஒரு டன் கொப்பரைக்கு 5,000, 6,000 தேங்காய் உரித்து, உடைத்து, பாதிக்கும் மேலான ஈரப்பதத்தை 6 சதவீதம் வரை இறக்க வேண்டும். சரியாக உலராத கொப்பரை கப்பலில் பூஞ்சணம் பூத்துப்போகும். அப்படி ஒரு டன்னைத் தேற்றி 2,000 கி.மீ. தாண்டி மொரீசியஸுக்கு அனுப்பினால் கப்பல் வாடகைக்குக் கட்டுமா என்பது சந்தேகமே. பழைய பொருளாதாரம் கூலி மலிவாகவும் ரேஷன் கம்பெனியுடையதாகவும் இருந்ததால் ஓடியது. அதை அப்படியே மீட்கலாம் என்று பேசுகிறவர்கள் வரவு செலவு எழுதிக் காட்டட்டும்.

மீன்? 2010 ஏப்ரல் 1-இல் பிரிட்டன் அந்தக் கடல் முழுவதையும், சுமார் 6,40,000 சதுர கி.மீ. பரப்பை, மீன் பிடிக்கத் தடைசெய்த பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. 2015 மார்ச்சில் சர்வதேச நடுவர் மன்றம் அது கடல் சட்டத்துக்கு முரண் என்றது. இனி மொரீசியஸ் தன் பெயரில் ஒரு பாதுகாப்பு மண்டலம் அமைக்கப்போகிறது. அதில் குடியேறியவர்களின் கைத்தூண்டிலுக்கும் சிறு படகுக்கும் எழுத்தில் விலக்கு வேண்டும். 'உள்ளூர்த் தேவைக்கு' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் மீனைக் காயவைத்து நாலு கிலோ விற்கிறவர் குற்றவாளியாவார். 1998-லும் 2015-16-லும் கடல் சூடேறி ஆழம் குறைந்த இடத்துப் பவளம் பெருமளவில் வெளுத்துச் செத்தது. அலையை உடைப்பதும் கரைக்கு மணல் கொடுப்பதும் அந்தப் பவளப் பார்தான். ஒன்றிரண்டு மீட்டர் உயரமே உள்ள கரையில் வீட்டைக் கடலோரம் வைக்காமல் உள்ளே தள்ளிக் கட்டுவதும், இறங்குதுறைக்காகப் பவளத்தை வெடிவைத்துத் தகர்க்காமல் இருப்பதும் அழகுக்காகச் சொல்வதல்ல.

போக்குவரத்து பற்றிச் சுருக்கமாக: பெரோஸ் பான்ஹோஸ், சாலமன் இரண்டிலும் உள்கடல் உண்டு, நுழைவழி உண்டு, பழைய துறைகள் சிதைந்துவிட்டன. மொரீசியஸிலிருந்து 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) வேகக் கப்பலுக்கு நான்கு நாள். மாதம் ஒரு கப்பல் என்று உறுதி இருந்தால் அரிசியும் எரிபொருளும் 45 நாளுக்கு இருப்பு வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் இருப்பு 120 நாளுக்கு; அதற்கேற்ற கிடங்கு, எலி புகாத கதவு, கூடுதல் டீசல் தொட்டி எல்லாம் சேர்ந்து செலவைக் கூட்டும். கப்பல் அட்டவணையை முடிவு செய்யாமல் வீட்டு வரைபடம் போடுவது வீண்வேலை.

மருத்துவம்தான் ஆகக் கடினம். கடைசிக் குடும்பங்கள் 1973-இல் ஏற்றப்பட்டதால், அந்த மண்ணில் பிறந்தவர்களில் ஆக இளையவருக்கே 50 தாண்டிவிட்டது. திரும்ப வேண்டும் என்று துடிப்பவர்கள் எழுபது, எண்பதைத் தொட்டவர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டு வலி உள்ளவர்கள். ஒரு செவிலியரும் ஒரு குளிர்பெட்டியும் கொண்ட மருந்தகம் இன்சுலினுக்குப் போதும், மாரடைப்புக்குப் போதாது. பக்கத்தில் மருத்துவமனை, விமானம் இரண்டும் உள்ள ஒரே இடம் தெற்கே ஏறக்குறைய 200 கி.மீ. தள்ளி இருக்கும் ராணுவத் தளம். அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தும் உரிமையை வாடகை பேசும் மேசையிலேயே மொரீசியஸ் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பொதுமக்களை வைத்துப் பராமரிக்கும் ஏற்பாடு அந்தத் தளத்தில் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதை நம்மவர்கள் அறிவார்கள். 2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன படகிலிருந்து அங்கே கரையேற்றப்பட்ட தமிழர்கள் மூன்றாண்டுக்கு மேல் கூடாரத்தில் கிடந்தார்கள். பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது 2024 டிசம்பரில்தான். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அந்த ஆட்சிப்பகுதியின் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. இன்றைய சாகோஸ் சமூகம் ஒரே இடத்தில் இல்லை. 2002-ஆம் ஆண்டுச் சட்டம், வெளியேற்றத்துக்குப் பின் பிறந்த முதல் தலைமுறைக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை தந்தது. பல குடும்பங்கள் லண்டனுக்குத் தெற்கே கேட்விக் விமான நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே க்ராலி நகரில் தங்கிவிட்டன. அந்தச் சட்டம் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டது. அண்ணனுக்குக் கடவுச்சீட்டு, அண்ணன் பிள்ளைக்கு விசா என்று வீடு இரண்டுபட்டது. 2022 நவம்பரில் திறந்த புதிய வழி நேரடி வம்சாவளியினர் அனைவருக்கும் கட்டணமில்லாமல் குடியுரிமை கொடுக்கிறது. பெரியவர்களுக்கு ஐந்தாண்டுக் கெடு. கணவன் அல்லது மனைவிக்கு அதில் இடமில்லை. க்ராலியில் இருப்பவர்களில் கணிசமானோர் மொரீசியஸோடு செய்த ஒப்பந்தத்தையே எதிர்க்கிறார்கள், எங்களைக் கேட்கவில்லை என்பது அவர்கள் குறை. மொரீசியஸில் ஒலிவியே பான்கூல் தலைமையில் பல ஆண்டு வழக்காடியவர்கள் ஒப்பந்தத்தை ஆதரிக்கிறார்கள். இரண்டு தரப்பையும் 'சாகோஸ் மக்கள் வரவேற்பு' என்ற ஒரே தலைப்பில் அடக்குவது சரியல்ல.

நிலத்தின் உரிமையை முதலிலேயே முடிவு செய்யாமல் இந்தத் திட்டம் எதுவும் நிற்காது. பழைய ஏற்பாட்டில் பத்திரம் இல்லாததால்தான் 1967-இல் கம்பெனி விற்றதும் குடிகள் அந்நியர் ஆனார்கள். இப்போது மொரீசியஸ் அரசு நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் உரிமத்தில் மக்களைக் குடியேற்றினால் அதே நிலை திரும்பும். பின்னால் சொகுசு விடுதி கட்ட ஒருவர் வந்தால் மக்களை நகர்த்த ஒரு கடிதம் போதும். குடும்பப் பெயரில், வாரிசுக்குப் போகிற, வெளியாருக்கு விற்க முடியாத நீண்டகாலக் குத்தகை. தோப்பும் இறங்குதுறையும் கிணற்றுக் குழாய் வரிசையும் ஊர்ப் பொதுவில். இப்படியொரு வரைவை அரசு வெளியிடட்டும், பேசலாம்.

அதற்கும் முன்னால் பெயர்ப் பட்டியல். 1972-இல் 426 குடும்பம் என்று கணக்கெடுத்து, பணம் கொடுக்கும்போது பிள்ளைகள் பெரியவர்களாகி, குடும்பங்கள் பிரிந்து எண்ணிக்கை ஏறியிருந்தது. பிறப்பு, திருமணப் பதிவுகள் மொரீசியஸிலும் சீஷெல்ஸிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. சான்று இல்லாதவர்களுக்கு இரண்டு பெரியவர்களின் வாக்குமூலம் போதும் என்ற விதி வைத்தால், வாக்குமூலம் சொல்லக்கூடிய பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும். சீஷெல்ஸ், பிரிட்டன், மொரீசியஸ் மூன்று இடத்திலும் ஒரே படிவம், கிரியோலில், ஆங்கிலத்தில் அல்ல. அந்தப் பட்டியலை யார் தயாரிக்கிறார்கள், எப்போது திறக்கிறார்கள் என்று போர்ட் லூயிஸிலோ லண்டனிலோ கேட்டு, கிடைக்கிற பதிலை உங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்